மாளிகாவத்தையில் முந்நூறு துண்டு

உரப்பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார் தாத்தா. சீமெந்துத் தரையில் வெட்டுத்துணி குன்றாக விழுந்தது. நீலமும் சாம்பலும்தான் அதிகம். இடையிடையே ஒரு மிளகாய்ச் சிவப்பு, ஒரு மாம்பழ மஞ்சள், குழந்தைச் சட்டைக்கென்று அச்சடித்த சின்னச் சின்னப் படகுகள். கைக்குட்டை அளவில் கொஞ்சம், இரண்டு விரல் அகலத்தில் மிச்சமெல்லாம். ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன். இல்லாவிட்டால் அந்தக் குன்று வீடு முழுக்கப் பறந்திருக்கும்.

தாத்தா என்றதும் கைத்தடி ஊன்றிய கிழவரை நினைத்துவிட வேண்டாம். கொழும்பு முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், அண்ணன் நாநா. ஐம்பதைத் தாண்டிய இவரை வெள்ளவத்தையிலிருந்து வருகிற நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பெயரை எழுத வேண்டாம் என்றார்; எழுதவில்லை. மாளிகாவத்தை மாடிவீட்டுத் தொகுதியில் மூன்றாம் மாடி. ஒரு சன்னலில் பக்கத்து வீட்டாரின் காயும் துணி, மறு சன்னலில் கெத்தாராம மைதானத்தின் விளக்குக் கம்பம். 1986 இல் திறந்த அந்த மைதானத்தை டிவியில் பிரேமதாச ஸ்டேடியம் என்கிறார்கள். இந்த மாடியில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மேட்ச் உள்ள இரவில் வெளியே வானம் வெளுத்துக் கிடக்கும். தாத்தா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, கூட்டம் கத்துகிற விதத்தை வைத்து விக்கெட்டா சிக்ஸரா என்று சொல்லிவிடுவார்.

வீட்டின் முன்னறையில் பாதியை மெஷின் பிடித்திருக்கிறது. பள்ளிச் சீருடை, அபாயா, சட்டைக் கை சுருக்கல் என்று வருகிற வேலையைச் செய்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் கால்மிதி தைப்பார். இலங்கையில் எந்தப் பெருவீதியில் போனாலும் கம்பியில் வரிசையாகத் தொங்குமே, அதே கால்மிதி. சிங்களத்தில் பாபிஸ்ஸ. கார்மென்ட்ஸில் அடுக்கடுக்காகத் துணி விரித்து அச்சு வெட்டும்போது இரண்டு அச்சுக்கு நடுவில் மிஞ்சுவது கிலோக் கணக்கில் வெளியே வருகிறது. பெரிய துண்டுக்கு ஒரு விலை, நாடா மாதிரித் துண்டுக்கு வேறு விலை. நாடாவை மடித்து, அடித்துணியில் வரிசை வரிசையாக வைத்து அடித்தால் கால்மிதி. உலகக் கடைகளுக்குச் சட்டை தைத்து அனுப்பும் நாட்டில், அந்தச் சட்டையின் உடன்பிறப்பு வாசற்படியில் கிடந்து மிதிபடுகிறது.

இந்தத் துணியில் போர்வை தைக்கலாம் என்று நான் முதலில் சொன்னபோது தாத்தா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"இது கால்மிதி செய்ற துணி தங்கச்சி. இதக் கொண்டுபோய் ஒரு மனுஷர் மேல போத்தச் செல்றீங்களா?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வீடு திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

கந்தையும் காந்தாவும்

வெளிநாட்டில் இதற்கு கில்ட் என்று பெயர். மேலே துண்டுகளைப் பொருத்திய துணி, நடுவில் பஞ்சு அல்லது கம்பளி, அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க மேலிருந்து அடிவரை ஓட்டுத் தையல். அவ்வளவுதான். தமிழில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. ஒட்டுப்போட்ட போர்வை என்கிறோம். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

குரல் இறங்குவதற்குக் காரணம் கந்தை என்ற சொல். நமக்கு அது கிழிசல், ஏழ்மை, சில வீடுகளில் வசவு. ஆனால் எந்த வடசொல்லிலிருந்து கந்தை நம்மிடம் வந்ததோ அதே சொல் வங்காளத்தில் காந்தா ஆனது. அங்கே பாட்டிமார் பழைய பருத்திச் சேலைகளை நாலைந்து அடுக்காக விரித்து, சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, மீனும் தாமரையும் தேரும் நெருக்கித் தைத்துப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு வைத்தார்கள். கவிஞர் ஜசீமுத்தீன் 1929 இல் அப்படியொரு காந்தாவை நடுவில் வைத்து ஒரு நெடுங்கதைப் பாட்டே எழுதினார். ஒரே சொல், இரண்டு கரை. ஒரு கரையில் இழிவு, மறு கரையில் சீதனம்.

நமக்கு இந்தக் கைவேலை தெரியாது என்பதில்லை. துணிமேல் துணி வைத்துத் தைக்கும் வேலையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்ச்சீலையையும் குழாயாகத் தொங்கும் தொம்பையையும் பாருங்கள்: சிவப்பில் மஞ்சள், மஞ்சளில் பச்சை, ஓரத்தில் வெள்ளை நாடா, யாளியும் பூவும் கத்தரித்து ஒட்டித் தைத்தவை. சிங்களவரின் பழைய கொடிகளும் அப்படித்தான், துணியில் துணி பதித்தவை. அதே கைவேலை சாமிக்கு என்றால் அலங்காரம், ஆசாமிக்கு என்றால் கந்தல்.

கொழும்பில் இதைப் பேசும்போது இன்னொரு தற்செயல் நினைவுக்கு வருகிறது. சிங்கர் தையல் மெஷின் இலங்கைக்கு வந்தது 1877 இல். அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி, கைத்தொழில் மெஷினிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பிறகு வாழ்நாளெல்லாம் எழுதியவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெரிய நூலை 1908 இல், ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே கையச்சில் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். அவர் இந்த மூன்றாம் மாடிக்கு வந்தால் தாத்தாவின் மெஷினைப் பார்த்து முகம் சுளிப்பாரா, தெரியாது. தாத்தாவிடம் கேட்டேன். "அவருக்குத் தைக்கக் குடுத்துப் பாக்கச் செல்லுங்க" என்றார்.

இரண்டு நூல் கணக்கு

தொடங்கியது விளையாட்டாகத்தான். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடித்துப் பத்து வருடமாகிறது. சுவரில் தொங்கவிட இரண்டு, அக்காவின் பிள்ளைக்கு ஒன்று, முடிக்காமல் பெட்டியில் கிடப்பவை நாலு. கில்ட் தைக்கிற எல்லார் வீட்டிலும் அந்த நாலு கட்டாயம் இருக்கும், வெளியே சொல்ல மாட்டோம்.

நாங்கள் போட்ட கணக்கு எளிது. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். தைத்து முடிந்த சதுரம் 4 அங்குலம். குறுக்கே 15, நெடுக்கே 20. ஆக 300 துண்டு. ஒவ்வொன்றையும் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். கால் அங்குலம் என்றால் தச்சர் கணக்கில் இரண்டு நூல். அதைப் பிசகாமல் பிடிப்பதில்தான் இந்த வித்தை முழுவதும் இருக்கிறது. அரை நூல் கூடுதலாகத் தைத்தால் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். என்ன வந்தது என்றால், ஒரு வரிசையில் 14 தையல். தையலுக்கு இரு பக்கமும் அரை அரை நூல். முடித்து அளந்தால் வரிசை ஒன்றேமுக்கால் அங்குலம் குட்டை. தாத்தா தைத்த வரிசை சரியாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணனும் தம்பியும் மாதிரி நின்றன. எட்டு வரிசையைப் பிரித்தேன். பிரிப்பதற்குத் தைப்பதைவிட மூன்று மடங்கு நேரம் பிடித்தது. பிரித்த மூன்று நாளும் தாத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீயை மட்டும் இனிப்புக் கூட்டிப் போட்டுத் தந்தார்.

துணி தெரிவு இன்னொரு பாடம். இழுத்தால் நீளுகிற டீஷர்ட் துணி உதவாது; சதுரம் சாய்சதுரமாகிவிடும். பருத்தி நல்லது, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி இன்னும் நல்லது. இந்த வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. நாநாமாரின் பழைய சாரம்! பிறந்த பிள்ளையைச் சுற்ற இன்றும் பழைய சாரத்தைத்தான் தேடுகிறோம். அந்த மென்மை கடையில் கிடைக்காது. சிவப்பை மட்டும் நம்பக் கூடாது. ஈரப்படுத்தி, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இதை நான் கற்றது, சுவரில் தொங்கவிட்ட என் முதலாவது கில்ட்டை ஒருநாள் துவைத்தபோது. நீல ஆகாயமெல்லாம் ரோஜா நிறமாகிப் போனது. பார்த்தவர்கள் அந்தி வானம் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

அடுக்குவதுதான் திருவிழா. 300 துண்டையும் கட்டிலில் பரப்பிவிட்டு நிறம் பார்த்து மாற்றி மாற்றி வைத்தோம். நிறம் கண்ணை ஏமாற்றும். இளசா அடர்த்தியா என்பதுதான் தூரத்திலிருந்து தெரிகிற கோலம். ஃபோனில் படமெடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், எந்தத் துண்டு இடம் மாறிக் கிடக்கிறது என்று உடனே தெரியும். இதைத் தாத்தாவின் பேத்திதான் கண்டுபிடித்தாள், எட்டாம் வகுப்பு. அந்தப் படத்தில், நாங்கள் யாரும் திட்டமிடாத ஒரு எட்டுமுனை நட்சத்திரம் நடுவில் பாதி உருவாகியிருந்தது. தாத்தா உற்றுப் பார்த்தார். நாலு துண்டை எடுத்து மூலைவாட்டில் வெட்டினார். நட்சத்திரம் முழுதானது.

அமெரிக்கக் கில்ட் புத்தகங்களில் அந்த எட்டுமுனை நட்சத்திரத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் இருக்கிறது. ஆனால் பள்ளிவாசல் சுவரிலும் குர்ஆன் அட்டையிலும் அதைப் பார்த்து வளர்ந்த கைக்கு எந்தப் பெயரும் வேண்டியிருக்கவில்லை. உயிருள்ளவற்றின் உருவம் வரையாமல், சதுரத்தையும் முக்கோணத்தையும் மட்டும் வைத்துக் கண்ணைக் கட்டிப்போடுகிற மரபுக்கு இதைவிடப் பொருத்தமான கலை எது? பிறகு அதே நட்சத்திரத்தில் ஒரு தொழுகை விரிப்பும் தைத்தார். அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஐந்து டொலர்

கால்மிதி எப்போது கலையாகிறது? வெட்கமில்லாமல் சொன்னால், யாராவது அதைச் சுவரில் மாட்டும்போது.

ஹாரியட் பவர்ஸ் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் 1837 இல் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைக் கத்தரித்த துணி உருவங்களாகப் பதித்து 1886 அளவில் ஒரு கில்ட் தைத்தார். ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டபோது கொடுக்க மனமில்லை. 1891 இல் வீட்டில் கஷ்டம். பத்து டொலர் கேட்டு, ஐந்துக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொல்லிவிட்டுப் போனார். அதோடு விடவில்லை. பிறகும் பலமுறை அந்த வீட்டுக்குப் போய்த் தமது கில்ட்டைப் பார்த்துவிட்டு வந்தார். இன்று அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பொக்கிஷம். விற்ற பிள்ளையைப் பார்க்கப் போகிற தாய் மாதிரி அந்தப் பெண் நடந்து போனதுதான் எனக்கு அருங்காட்சியகத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அதற்கு எண்பது வருடம் கழித்துத்தான் மற்றவை வேகமாக நடந்தன. 1971 இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் கில்ட்டுகளை ஓவியம் போலச் சுவரில் தொங்கவிட்டது. 1980 இல் ஃபெய்த் ரிங்கோல்ட் என்ற ஓவியர், உடை வடிவமைப்பாளரான தம் தாயுடன் சேர்ந்து முதல் கில்ட்டைத் தைத்து, பிறகு கதை எழுதிய கில்ட்டுகளால் உலகப் புகழ் பெற்றார். சென்னையில் 2019 ஜனவரியில் இந்திய கில்ட் திருவிழா நடந்தது. நம் நாட்டில் கண்டியில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த ஹேமா ஷிரோனி, வீடு மாறி மாறிப் போனவர்களின் கதையைத் துணியிலும் நூலிலும் தைக்கிறார். அவருடைய வேலையைக் கொழும்பு கேலரியில் நின்று பார்க்கிறவர் யாரும் கந்தல் என்று சொல்ல மாட்டார்.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானது கேலரிக்காகத் தைக்காத ஒன்று. கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோர். நம்முடைய புத்தளம் சிறாம்பியடியில் இருக்கும் காப்பிரி மக்களைப் போல. சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தியில் சதுரக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, கிடைத்த துண்டைக் கிடைத்த அளவில் வைத்துத் தைத்துக்கொண்டே உள்ளே நடுவை நோக்கி வருவார்கள். முடிந்ததும் நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ. அந்தப் பூ இல்லாவிட்டால் கவந்தி அம்மணமாக இருக்கும் என்பது அவர்கள் பேச்சு. மூலையில் பூ வைப்பதால் குளிர் குறையப்போவதில்லை. கால்மிதியில் யாரும் பூ வைப்பதில்லை. தாத்தாவின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொடுக்கிற கை

மீதிப் பாதி கொஞ்சம் கனமானது.

மாளிகாவத்தையில் தானம் பற்றிப் பேசும்போது யாரும் 2020 மே 21 ஐத் தாண்டிப் போக முடியாது. நோன்பின் கடைசி நாட்கள். ஊரடங்கில் வேலையில்லாமல் கிடந்த குடும்பங்கள். பணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டம் கூடியது. நெரிசலில் மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். கொடுத்தவர் மனது கெட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்க வருகிறவர் வரிசையில் ஒரு தலையாக மட்டும் தெரிகிற இடத்தில் கொடை எப்படி மாறிவிடும் என்று இந்தத் தெருக்களுக்குத் தெரியும். தாத்தா அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும், நூலைப் பல்லால் கடித்தபடி, "அதில ஒராள எனக்கு முகத்தெரிவு" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோர முகாம்களில் வந்து குவிந்த துணிமூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது இன்னொரு வகையில் புரியும். வெயில் கொளுத்தும் கிழக்குக் கரைக்குக் குளிர்நாட்டுக் கம்பளி உடைகள். மீந்ததைக் கொடுப்பது ஒன்று, ஒருவருக்கென்று உட்கார்ந்து செய்வது வேறு.

அப்படி உட்கார்ந்து செய்ததன் வரலாறு நீளமானது. 1841 இல் 'ராஜா' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு டாஸ்மேனியாவுக்குப் போனது. சிறைச் சீர்திருத்தத்துக்கு உழைத்த எலிசபெத் ஃப்ரையின் மாதர் குழு, அந்தப் பெண்களுக்குத் துண்டுத்துணியும் ஊசியும் நூலும் கொடுத்து அனுப்பியது. கடலில் மூன்று மாதம். கரையேறும்போது 2,815 துண்டுகள் சேர்ந்த ஒரு கில்ட் கையில் இருந்தது. ஓரத்தில் உதவியவர்களுக்கு நன்றி தைத்திருந்தது. இன்று கன்பரா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்குப் போர்வையை அல்ல, போர்வை தைக்க வழியைத்தான் கொடுத்தார்கள். துணியில் இன்றும் சில ரத்தப் பொட்டுகள் இருக்கின்றன என்கிறார்கள். பழகாத விரல்களில் ஊசி குத்தியது. இரண்டாம் உலகப் போரில் கனடாப் பெண்கள் செஞ்சிலுவை வழியாக, குண்டுவீச்சில் வீடிழந்த பிரித்தானியக் குடும்பங்களுக்கு லட்சக்கணக்கில் கில்ட் அனுப்பினார்கள். 1987 இல் சான் பிரான்சிஸ்கோவில் எயிட்ஸால் இறந்தவர்களின் நினைவாக, ஒருவருக்கு ஒரு பலகம், மூன்றடிக்கு ஆறடி, அதாவது ஒரு சவக்குழியின் அளவு, என்று தொடங்கினார்கள். அந்த அக்டோபரில் வாஷிங்டன் புல்வெளியில் முதன்முதலாக விரித்தபோது 1,920 பலகங்கள். இன்று ஏறத்தாழ 50,000.

அதைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது தாத்தா மெஷினை நிறுத்தினார். "நாங்களும் கட்டினோமே" என்றார்.

அவர் சொன்னது 2020 டிசம்பரை. கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்த காலம். பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்த பிறகு, மக்கள் பொரளை கனத்தை மயானத்தின் கம்பி வேலிக்குப் போய் ஆளுக்கொரு வெள்ளைத் துணித் துண்டு கட்டிவிட்டு வந்தார்கள். இறந்தவரைச் சுற்றும் கபன் துணியின் நிறம். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லாரும் கட்டினார்கள். இரவோடு இரவாக அவை அவிழ்க்கப்பட்டன, மக்கள் மறுபடி கட்டினார்கள். அடக்கம் செய்ய அனுமதி 2021 பெப்ரவரி கடைசியில்தான் வந்தது. அரசு மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆயிற்று. ஊசியும் நூலும் படாத அந்த வேலியைத்தான், இந்த நகரம் சேர்ந்து செய்த மிகப் பெரிய துணி வேலை என்று நான் சொல்வேன். எந்த அருங்காட்சியகத்திலும் அது இல்லை.

துண்டு என்றொரு சொல்

யாருக்குத் தைக்கிறோம் என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கொழும்பில் யாருக்குப் போர்வை வேண்டும்? ஃபேனுக்குக் கீழே ஒரு மெல்லிய பெட்ஷீட்டே புழுங்குகிறது.

முதலில் ஒரு வைத்தியசாலையின் குழந்தை வார்ட்டுக்குக் கொண்டுபோனேன், நான் தனியாகத் தைத்த ஒன்றை. பஞ்சு வைத்து, முயல் படம் போட்டு. தாதி பொறுமையாக விளக்கினார்: கொதிநீரில் துவைத்துக் காய எத்தனை நாள் பிடிக்கும்? அத்தோடு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே கூடாது, மூச்சு முட்டும். அவர் சொன்னது முழுக்கச் சரி. இன்குபேட்டர் மேல் வெளிச்சம் மறைக்கப் போடும் மூடி என்றால் பயன்படும், அதுவும் அளவு கேட்டுத் தைத்தால், என்றார். முயலைத் திருப்பிக் கொண்டுவந்தேன். தைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

பிறகுதான் மலைநாடு ஞாபகம் வந்தது. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. ஜனவரி விடிகாலையில் தேயிலைமேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். தோட்டத் தொழிலாளரின் லயத்து அறையில் சீமெந்துத் தரை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளுக்குப் பிறகு அந்தக் குளிரில் இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் தோட்டத்துக்குப் போர்வை கொண்டுபோகிறவர் ஒரு பழைய கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கோப்பிக் காலத்திலிருந்தே கம்பளி அங்கே கொடையாக வந்ததில்லை. மன்னாரில் இறங்கி நடந்து வந்தவருக்கு வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் முன்பணமாகக் கொடுத்து, சம்பளத்தில் கழித்தார்கள். மழையில் தலைமேல் போட்ட அந்தக் கம்பளியே கடன். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. இவ்வளவு கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? துண்டு. துண்டு முறையை 1921 இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதைச் சொன்னபோது தாத்தா வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கட்டிலில் 300 துண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "அப்ப பேர் ஒண்டும் தைக்க வேணாம்" என்றார். கில்ட்டின் மூலையில் தைத்தவர் பெயரும் ஆண்டும் வைப்பது உலகம் முழுக்க வழக்கம். நான் அதற்கென்று வெள்ளை நாடாவும் வாங்கி வைத்திருந்தேன். கொடுத்தவர் பெயரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு யாரும் தூங்க வேண்டாம் என்பது தாத்தாவின் கட்சி. நான் வாதாடிப் பார்த்தேன். கையெழுத்து இல்லாவிட்டால் அது கலை இல்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஹாரியட் பவர்ஸை இழுத்தேன். "அவ வித்தா. நாம குடுக்கிறோம்." நாடா இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

நடு அடுக்குக்குப் பஞ்சு வேண்டாம், காயாது என்று முடிவு செய்தோம். மெல்லிய பழைய கம்பளி ஒன்றும் அதன்மேல் மூன்று சாரமும். அடித்துணிக்கு ஒரு பூப்போட்ட ஃபிளானல். மூன்றையும் தரையில் விரித்து, ஓரத்தை டேப் போட்டு ஒட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஊக்கு குத்தி, நாலு பேர் நாலு பக்கம் உட்கார்ந்து கையால் ஓட்டுத் தையல். கீழ் மாடியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், சும்மா பார்க்க வந்தவர்கள். பார்க்க வந்தவர் கையில் ஊசி கொடுத்தால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இஷாத் தொழுகைக்குப் பிறகு தொடங்கினால் பத்தரை வரை. கதைத்ததெல்லாம் மருமகள்மாரைப் பற்றி. ஒரு பெண்ணின் தையல் அரிசி மாதிரிச் சின்னது, இன்னொருவருடையது புளியங்கொட்டை. எதையும் பிரிக்கவில்லை. கவனித்துப் பார்த்தால் யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று இன்றும் சொல்லலாம். பெயர் தைக்கவில்லையே தவிர.

கடைசி நாள் தாத்தா நாலு மூலையிலும் சிவப்பு முக்கோணம் ஒன்றை மடித்து வைத்துத் தைத்தார். சித்திப் பெண்களின் பூவைப் பற்றி நான் எப்போதோ சொன்னது. மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

அட்டன் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கும் என் சிநேகிதி விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டோம். யாருக்கு வேண்டுமோ அவரிடம் கேட்டுக் கொடு என்று மட்டும் சொன்னோம். மூன்று வாரம் கழித்து அவள் ஃபோன் எடுத்தாள். ஒரு லயத்தில் முட்டிவலியோடு கிடக்கும் அப்பாயி ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டாராம். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"போத்திக்கிறதுக்கு இல்ல டீச்சர்" என்று அப்பாயி சொன்னாராம். "மேல போத்த எங்கிட்ட ரெண்டு இருக்கு. குளிரு கீழ இருந்துதான் வருது. இத அடியில விரிச்சிட்டேன்."

தாத்தா என்னைப் பார்த்தார். முந்நூறு துண்டு, எட்டுமுனை நட்சத்திரம், நாலு மூலைப் பூ, மேலே அப்பாயி. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் எழுந்துபோய் உரப்பையை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அப்ப அடித்துணி ஃபிளானல் சரிவராது தங்கச்சி, ஈரம் ஏறும். ஜீன்ஸ் வெட்டுத்துணி எங்க கிடைக்கும் எண்டு விசாரிங்க. பெருந்துண்டா."